டொரத்தி அன்ரியின் கதகதப்பான அறை

என் அன்பு டொரத்தி அன்ரிக்கு,

உங்களுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத மொழியில் இதை எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எனக்குக் கடிதம் வரும்போது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என் பின்னல் ஊசியிலிருந்து கழன்று விழுந்த நூல் மாதிரி இருக்கிறது உங்கள் எழுத்து" என்று பகிடி பண்ணுவீர்களே, அதே எழுத்துத்தான். ஆங்கிலத்தில் எழுதினால் நான் பக்கத்து வீட்டு மரியாதையான பெண்ணாகிவிடுவேன். உங்களோடு சண்டை பிடிக்க எனக்குத் தமிழ் வேண்டும்.

ஓம், சண்டைதான். நீங்கள் போய் இது மூன்றாவது குளிர்காலம். என் கோபம் இன்னும் ஆறவில்லை. யாரில் கோபம் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

இதை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னியின் மேற்குப் பக்கம், வென்ட்வேர்த்வில்லில், எங்கள் வேலிக்கு அந்தப் புறம் தனியாக இருந்தவர் இந்த ஆங்கிலேயப் பெண்மணி. அவரைக் கொன்றது அவருடைய வீட்டுப் பின்னறை. அந்தத் தெருவிலேயே ஆகக் கதகதப்பான அறை அது. என் மகள் மாலினி, நடை பழகிய வயதில், ஒரு குளிர்காலத்தின் பாதியை அதே அறையில் தூங்கிக் கழித்தாள்.

நாங்கள் குடிவந்த முதல் நாள் நினைவிருக்கிறதா, அன்ரி? பெட்டிகளுக்கு நடுவில், அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். நீங்கள் ஒரு தட்டு ஸ்கோன் பணிஸைத் துணியால் மூடிக்கொண்டு பின்கதவால் வந்தீர்கள். "நானும் வந்தவள்தான், லவ். கப்பலில் வந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றீர்கள். யாரையும் நீங்கள் அன்பாக 'லவ்' என்றுதான் கூப்பிடுவீர்கள். இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து, அரசாங்கம் கொடுத்த மலிவுச் சீட்டில், கணவர் வெயில் வேண்டும் என்று ஆசைப்பட்டதால் வந்த கதையை அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டீர்கள். வெயில் வேண்டும் என்றவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வெயில் பிடிக்காத நீங்கள் மிஞ்சினீர்கள்.

உங்கள் தங்கச்சி திரும்பி வரச்சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். ஏன் போகவில்லை? கேட்டபோதெல்லாம் கேத்தலை அடுப்பில் வைக்க எழும்பிவிடுவீர்கள்.

போகத் தேவையில்லை என்று நினைத்தீர்களோ என்னவோ. உங்கள் வீட்டுக் கால்மிதியைத் தாண்டினால் அவுஸ்திரேலியா முடிந்துவிடும். பின்னல் தொப்பி போட்ட தேநீர்க் குடம், யன்னலில் சரிகைத் திரை, மேசையில் நீங்களே காய்ச்சிய கசப்பான தோடம்பழ மார்மலேட், கட்டிலில் ரப்பர் சுடுநீர்ப் பை. டிசெம்பரில் வெளியே தெருவில் தார் உருகும். உள்ளே நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக, நத்தார்ப் புடிங் அவிப்பீர்கள். நான் சிரித்தால், "நீ பொங்கலுக்கு வெயிலில் நின்று அடுப்பூதவில்லையா?" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். உண்மைதான், நானும் ஊதினேன். அதனால்தான் நம் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஆனால் குளிர்காலம் வந்தால் உங்களுக்குப் பகிடி எல்லாம் போய்விடும். லீட்ஸை விடச் சிட்னி குளிர் என்று அடித்துச் சொல்வீர்கள். வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே. "இந்த ஆட்கள் வருடம் முழுக்கக் கோடை என்று நினைத்து வீடு கட்டுகிறார்கள். சுவரில் ஓட்டை வைத்துக் கட்டுகிற மனிதரை நான் இங்கேதான் கண்டேன்!" கூரைக்குக் கொஞ்சம் கீழே, செங்கல் அளவில், சிறு சிறு துளைகளோடு காற்றோட்டத்துக்கு வைத்த ஓட்டைகள். எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எங்களுக்கு அது குருவி எட்டிப் பார்க்கிற இடம். உங்களுக்கு அது எதிரி உள்ளே வருகிற வழி.

தங்கச்சி கப்பலில் அனுப்புகிற லீட்ஸ் பத்திரிகைகளை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசித்து முடித்து, மடித்து, கதிரையில் ஏறி, அந்தத் துளைகளில் செருகி வைப்பீர்கள். யன்னல் விளிம்புகளில் ஒட்டுத்தாள். கதவடியில், கண்ணுக்குப் பொத்தான் தைத்த நீளமான பஞ்சுப் பாம்பு. கடைசியில் ஓர் ஊசிக் காற்று நுழையாத அறையைச் செய்து, அதன் நடுவில் காஸ் ஹீற்றரைப் பற்றவைத்துவிட்டு, "இப்போதுதான் இது வீடு" என்பீர்கள்.

எனக்கும் அந்த அறை பிடிக்கும், அன்ரி. பொய் ஏன்? குளிருக்குள் வேலையால் வந்து, உங்கள் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அந்தச் சூடு எத்தனை சுகம்.

அந்த ஹீற்றரின் சுவாலையை என் கணவர் சிவம்தான் முதலில் கவனித்தார். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக எரிந்தது. மேலே சுவரில் கரி படிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அந்த நெருப்பின்ர நிறம் எனக்குப் பிடிக்கேல்லை. ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லு" என்றார்.

"நீங்களே சொல்லுங்கோவன்."

"நான் சொன்னனான். அந்த நிறம் வடிவா இருக்கெண்டு சொல்லுறா மனுசி."

வடிவுதான் உங்களுக்கு. நிலக்கரி அடுப்புக்கு முன்னால் வளர்ந்தவர் நீங்கள். நெருப்பென்றால் மஞ்சளும் செம்மையுமாகத் தாவ வேண்டும். நீலச் சுவாலை ஆஸ்பத்திரி நெருப்பு மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்தால் கூடக் குளிர்கிறது என்றீர்கள். முதலில் நீலமாகத்தான் எரிந்ததாம். பழசாகப் பழசாக மஞ்சளாகி வந்ததை, ஹீற்றர் உங்களோடு பழகிவிட்டதாக எடுத்துக்கொண்டீர்கள்.

நான் பரமட்டாவில் தட்டெழுத்து வேலைக்குப் போகத் தொடங்கியபோது மாலினியை நீங்கள்தான் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் வாயில் அவள் மோலி. வேலைக்குப் போன முதல் கிழமையே நம் பெரிய சண்டை வந்தது. வந்து பார்த்தால் என் பிள்ளை தள்ளுவண்டியில், பின்வளவில், மரத்தின் கீழ், திறந்த வெளியில் தூங்குகிறது! மூக்கு நுனி சிவந்திருக்கிறது. நீங்கள் உள்ளே சூடாக இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் மழைத்தூறல் பட்டாலே பிள்ளையின் தலையில் துண்டு போடுவோம். நான் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். நீங்களும் விடவில்லை. "லீட்ஸில் பனி கொட்டும்போதும் குழந்தைகள் வெளியில்தான் தூங்கும். சூடு எங்களைப் போன்ற கிழவிகளுக்கு. குழந்தைக்குக் காற்றுப் பட வேண்டும். நான் ஒரு குழந்தையும் பெறவில்லை என்பதால் எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாயா? ஆறு தம்பி தங்கச்சிகளை வளர்த்தேன்!"

"இது என்ர பிள்ளை" என்றேன் நான், ஆங்கிலத்தில், மரியாதை எல்லாம் மறந்து. உங்கள் முகம் வாடிப்போயிற்று. பிறகு, "சரி லவ், உள்ளேயே வைத்திருக்கிறேன். சத்தியம்" என்றீர்கள். அன்றிலிருந்து குளிர் நாட்களில் மாலினி உங்கள் பின்னறைச் சோபாவில் தூங்கினாள்.

எவ்வளவு நன்றாகத் தூங்கினாள்! வீட்டில் ஒரு இடத்தில் இராத பிள்ளை. உங்களிடம் விட்டால் மத்தியானம் கண்ணை மூடினால் நான் வந்து எழுப்பும் வரை எழும்பாது. "அன்ரியின்ர கை ராசி" என்று சிவத்திடம் பெருமையாகச் சொன்னேன். உங்கள் கன்னமும் அப்போது நல்ல சிவப்பு. வயது குறைந்துவிட்டது என்று நான் சொன்னதும் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

பிறகு தலைவலி தொடங்கியது. கிழமை முழுக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் மாயமாகப் போய்விடும். "உன் மிளகு ரசம்தான் மருந்து" என்று ஒரு போத்தலில் ஊற்றி வாங்கிப் போவீர்கள். திங்கட்கிழமை ரசத்தைக் குடித்துவிட்டும் தலை இடிக்கிறது என்பீர்கள். எங்கள் வீட்டில் காற்று விசில் அடித்துக்கொண்டு போய் வந்ததை நாங்கள் இருவரும் கணக்கில் எடுக்கவே இல்லை.

உங்கள் பின்னறை யன்னல் கண்ணாடியில் உட்புறமாகத் தண்ணீர் வழியத் தொடங்கியது. சரிகைத் திரையின் ஓரம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. மாலினி இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். டொக்டர் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு வருகிறதுதான் என்றார். நீங்கள் குசினிக்குள் போய், எதற்கு வந்தேன் என்று மறந்து நிற்பீர்கள். வயது என்றீர்கள். நானும் வயதுதான் என்று நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஓகஸ்ட் மாதக் குளிர்காற்று அடித்த அந்தக் காலை, பிள்ளையை உங்கள் கையில் தந்தேன். உங்கள் கண்கள் இடுங்கிப் போயிருந்தன. என்னை உங்கள் தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டீர்கள். மாலினி என் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதுவரை உங்களிடம் வர ஒரு நாளும் அழாதவள்.

"இண்டைக்கு நான் நிக்கட்டோ அன்ரி?" என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் அதற்குள், "ஓடு, ஓடு, ரெயினைத் தவற விடப் போகிறாய்" என்று கதவைச் சாத்தினீர்கள். குளிர் உள்ளே வந்துவிடுமே! பஞ்சுப் பாம்பைக் காலால் தள்ளிக் கதவடியில் பொருத்துகிற சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

அன்று மாலை வழக்கம்போல உங்கள் வளவுக்குள் பக்கத்து வழியால் வந்தேன். பின்வளவில் தள்ளுவண்டி நின்றது. அதற்குள் என் பிள்ளை. தொப்பி, கம்பளி, உங்கள் சால்வை, கால்மாட்டில் ஆறிப்போன சுடுநீர்ப் பை. அழுது அழுது குரல் அடைத்து, மூக்கு ஒழுகி, முழுக்க நனைந்து கிடந்தாள்.

எனக்கு வந்த கோபத்தை என்னென்று சொல்வேன்? சத்தியம் பண்ணிவிட்டு, நான் இல்லாத நேரம் பார்த்து, காற்றுக்குள் பிள்ளையைத் தள்ளி விட்டிருக்கிறீர்கள்! அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பின்னறை யன்னலுக்கு உள்ளே, உங்கள் கதிரையில், என்னைப் பார்த்தபடி நீங்கள் இருக்கிறீர்கள். மடியில் பின்னல். கன்னம் சிவந்து, நல்ல சுகமாக.

கண்ணாடிக்கு வெளியே நின்று நான் உங்களைத் திட்டத் தொடங்கினேன். ரெயினில் வரும்போதே யாரோ எழுதித் தந்ததுபோல வார்த்தை வந்தது. உங்களை நம்பினேனே என்றேன். இனி என்ர பிள்ளையை உங்கள் வாசலுக்கும் அனுப்ப மாட்டேன் என்றேன். தமிழில் திட்டினேன், ஆங்கிலத்தில் திட்டினேன். எப்போதும் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்லுகிற நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வழிகிற தண்ணீருக்கு ஊடாகத் தள்ளுவண்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு நேரம் அப்படித் திட்டினேன் என்று எனக்குத் தெரியாது. பிறகுதான், நான் பக்கவாட்டில் நகர்ந்தும் உங்கள் கண் நகரவில்லை என்று கண்டேன்.

சிவம் வந்து கதவை உடைத்துத் திறந்தார். அம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். எல்லா யன்னலையும் திறந்து போட்டார்கள். உங்கள் கதகதப்பு முழுக்க ஒரு நிமிடத்தில் வெளியே போயிற்று. ஒருவர் கதிரையில் ஏறி, சுவர் ஓட்டைகளிலிருந்து உங்கள் ஊர்ப் பத்திரிகைகளை உருவி உருவிக் கீழே போட்டார். போக வழியில்லாமல் மணமில்லாத நச்சு வாயு அந்த அறைக்குள் நாள் நாளாகச் சேர்ந்திருக்கிறதாம். ஹீற்றர் மஞ்சளாக எரிந்தபோதே நிறுத்தியிருக்க வேணுமாம். தலைவலி, வாந்தி, மறதி, கன்னச் சிவப்பு எல்லாம் அந்த வாயுவின் வேலைதானாம். பிறகு அவர் மாலினியைப் பார்த்தார். "குழந்தை எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

"வெளியில" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் போல. அவருக்கு விளங்கவில்லை. சிவம் கையைக் காட்டினார்.

குசினித் தொட்டியில் மாலினியின் வாந்தி பட்ட சட்டை அலசிக் கிடந்தது. அதிலிருந்துதான் அன்றைய மத்தியானத்தை நான் எனக்குள் கட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குச் சரியில்லை. உங்களுக்கும் தலை சுற்றுகிறது. எனக்குத் தந்த சத்தியத்தையும் ஆறு பிள்ளைகளை வளர்த்த கையையும் வைத்து யோசித்திருப்பீர்கள். கடைசியில், வேலையால் வந்து இந்தப் பெட்டை கத்தினால் கத்தட்டும் என்று வண்டியை வெளியே தள்ளினீர்கள். அவ்வளவு தலைச்சுற்றலோடு அத்தனை உடுப்பும் போட்டுவிட்டு, தண்ணீர் காய்ச்சிப் பையில் ஊற்றி, எப்படிச் செய்தீர்கள், அன்ரி? அந்தக் கொஞ்ச நேரம் நீங்களும் வெளியில்தானே நின்றீர்கள்? ஏன் திரும்பி உள்ளே போனீர்கள்?

உங்கள் கதிரை எப்போதும் ஹீற்றரைப் பார்த்துத்தான் இருக்கும். அன்று அது யன்னலுக்கு இழுத்துப் போடப்பட்டிருந்தது. கம்பளத்தில் கதிரைக் கால் இழுபட்ட தடம் இருந்தது. பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க இழுத்திருக்கிறீர்கள். கண்ணாடியில் உங்கள் கை துடைத்த வட்டமும் இருந்தது. நீங்கள் கொடுத்த வாக்கை மீறியதால் என் மகள் இருக்கிறாள். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் நான் உங்களை அப்படித் திட்டினேன்.

இப்போது உள்ள புதினங்களைச் சொல்ல வேணும். மாலினி பாலர் பள்ளிக்குப் போகிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், அதுவும் உங்களுக்குப் பிடிக்காத இந்த ஊர் ஆங்கிலம். குளிருக்கும் நான் யன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று சிவம் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு படுக்கிறார்.

உங்கள் வீட்டை வாங்கியவன் அந்த ஹீற்றரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பூட்டினான். பிறகு வாடகைக்கு விட்டான். போன மாதம் ஒரு இளம் குடும்பம் வந்திருக்கிறது. உங்கள் நாட்டு ஆட்கள்தான். அவள் பெயர் சூசன். கைக்குழந்தை ஒன்று. வந்த மறு கிழமையே சரிகைத் திரை தொங்கியது. நேற்று உடுப்புக் காயப்போடும்போது பார்த்தேன். சுவர் ஓட்டைகளில் துணி தெரிந்தது.

அந்த ஓட்டைகளை மூடவேண்டாம் என்று வேலியில் வைத்து அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "இந்த வீடுகள் பயங்கரக் குளிர், இல்லையா? இப்போது பரவாயில்லை, நன்றாகத் தூங்குகிறோம்" என்றாள். நீங்கள் இறந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன். முகம் மாறிப்போய், குழந்தை அழுகிறது என்று உள்ளே போய்விட்டாள். அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. யாரென்று தெரியாத கறுத்தப் பெண் ஒருத்தி, வந்த வீட்டில் சாவு நடந்தது என்று சொன்னால் அவளும்தான் என்ன செய்வாள்?

"ஒருக்காச் சொல்லியாச்சு" என்றார் சிவம். "புது ஹீற்றர்தானே. வெள்ளைக்காரரின்ர வீட்டுக்குள்ள போய் அதைச் செய் இதைச் செய் எண்டு சொன்னா என்ன நினைப்பினம்?"

"எந்த ஹீற்றர் எண்டாலும் ஓட்டை திறந்திருக்க வேணும் எண்டு அண்டைக்கு அந்தத் தீயணைப்பு மனுசன் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

ராத்திரி முழுக்க அவரும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இன்று சனிக்கிழமை மத்தியானம். குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நிமிர்ந்தால் உங்கள் பின்னறை யன்னல் தெரிகிறது. கண்ணாடி முழுக்க நீர் வழிகிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. காலையில் குழந்தை அழுதது. இந்த வரியை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், நெடுநேரமாக அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

சத்தியம், அன்ரி. இந்தத் தரம் கண்ணாடிக்கு வெளியே நின்று கதைக்க மாட்டேன். கதவைத் தட்டுவேன். திறக்காவிட்டால் நானே திறந்துகொண்டு உள்ளே போவேன். என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். பேனையை வைக்கிறேன்.

உங்கள் பெறாமகள்,
பவானி